கூட அடிக்கும் சீலிங்

மடத்துவெளியில் தயாபரன் கட்டிய புது வீட்டுக்கு வெள்ளை ஜிப்சம் சீலிங் போட்டு முடிந்த கிழமையே, மகள் கஜானியைப் பெண் பார்க்க ஊர்காவற்றுறையில் இருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை சசிகரனைக் கஜானிக்கு முன்பே பிடித்திருந்தது. அதை அவள் ஒளித்து வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் தெரியும்.

அவர்கள் வரும் நாள் காலை, சுவிசிலிருந்து வந்திருந்த தாய்மாமன் ஜெகதீஸ் கதிர்வீச்சு அளக்கும் கருவியைச் சீலிங்குக்கு நேரே பிடித்தான். அது டிக் டிக் என்று அடித்தது.

"அத்தான், இது உரம் செய்யிற இடத்துக் கழிவிலை செய்த பலகை. பொஸ்பேற்றுக் கல்லிலை இயற்கையாவே ரேடியம் கிடக்கும். உரம் போக மிச்சத்திலை தங்கிவிடும். இவ்வளவுக்குப் பயமில்லை."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவனுடைய அக்கா, கஜானியின் தாய் சறோஜினிதேவி கதிரைகளை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. தெரிஞ்சால் சம்பந்தம் போச்சு."

வந்தவர்கள் முருங்கைக்குக் கீழே வெயிலில் வியர்த்தார்கள்.

"வீட்டைக் காட்ட மாட்டியளோ?" என்றாள் மாப்பிள்ளையின் தாய் இரஞ்சிதம். "உள்ளுக்கை என்ன ஒளிச்சு வச்சிருக்கிறியள்?"

தயாபரன் வடைத் தட்டை நீட்டினார். ஒரு காகம் வந்து அதில் ஒன்றைத் தெரிவு செய்து கொண்டுபோனது.

"எழும்பு சசி, போவம்."

"மாமி, எங்கடை சீலிங் கதிர் வீசுது. மாமாவின்ரை மெசின் டிக் டிக் எண்டு அடிக்குது," என்றாள் கஜானி. "அதுதான் வெளியிலை இருத்தினது."

எழுந்த இரஞ்சிதம் அப்படியே நின்றாள். "எந்தக் கடையிலை வாங்கினது?"

கஜானி சொன்னாள்.

"எங்கடையும் அங்கைதான்! தம்பி, அந்த மெசினைத் தூக்கும்."

எல்லோரும் வான் வண்டியில் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனார்கள். ஜெகதீஸ் மேசையில் ஏறி அளந்தான்.

"உங்கடை கொஞ்சம் குறைவு அக்கா. நல்லதுதான்."

இரஞ்சிதத்தின் முகம் சுருங்கியது. "வடிவாப் பிடியும். பெண் வீட்டை விடக் குறையுமே?"

மறுபடி பிடித்தான். குறைவுதான்.

"பெடியன்ரை வீட்டுக்கு இது என்ன மரியாதை?" என்றாள்.

சறோஜினிதேவி அவளுடைய கையைப் பிடித்தாள். "அதுக்கென்ன? அந்த வீடு கஜானிக்குச் சீதனம். கூட அடிக்கிறது உங்கடை மகனுக்குத்தானே வருது."

இரஞ்சிதம் அதை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள்.

"எழுத்திலை தருவியளோ?"

"ஓம்."

"அப்ப நாள் வைப்பம்."