எண்ணெய்க்குள் ரேடார்

கியர்பாக்ஸ் எண்ணெயில் மூழ்கியிருந்த மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார், பத்து மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டிய தண்டு பதினைந்தில் நிற்பதாகக் காட்டியது. முதலாளியின் மாப்பிள்ளை குதித்தார்.

"அக்கா பொருத்தின லட்சணம்! இன்னையோட வேலையை விட்டு நின்னுக்குங்க."

படித்த அந்த முகத்தில் புத்தியின் சாயல் எங்காவது தென்படுகிறதா என்று ஃபிட்டரக்கா தேடிப் பார்த்தாள். "எண்ணெயை வடிச்சிட்டுப் பாருங்க, மாப்பிள்ளை சார்."

வடித்ததும் திரை பத்து என்றது.

"எண்ணெய்க்குள்ள அலை மெதுவாத்தான் போகும். நீங்க காத்துல போற வேகத்தை வச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க, அதான் தூரம் கூடக் காட்டுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி தொண்டையைச் செருமினார். "யார் வேலையை விட்டு நிக்கிறதுன்னு அப்புறம் பேசலாம், மாப்பிள்ளை. மொதல்ல வடிச்ச எண்ணெயை நீங்களே திரும்ப ஊத்துங்க."