லைட்மேன் உப்பு

...நூறு பேருக்கா நறுக்குகிறாய், அம்மாசி? என்று தன்னையே கேட்டுக்கொண்டு அவர் கையை நிறுத்தியபோது பலகையில் ஏழு கேரட், கால் கிலோ பீன்ஸ், அரை முட்டைக்கோஸ்... குடிக்கப்போவது ஒரே ஒரு ஆள், அதுவும் ஒரு டம்ளர், அதையாவது குடித்தால் சாமிக்குக் கற்பூரம் ஏற்றலாம். டைபாய்டு காய்ச்சல் விட்டு நாலு நாளாகியும் பெண்டாட்டி ரஞ்சிதம் எதையும் சாப்பிடவில்லை, கஞ்சியைக் கொடுத்தால் கசக்கிறது என்கிறாள், இட்லியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், இன்றைக்கும் உள்ளே ஒன்றும் போகாவிட்டால் சாயந்திரம் கூட்டி வாங்க, மறுபடி குளுக்கோஸ் ஏற்றிவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், அந்தக் கையில் ஊசி குத்த இனி இடம் எங்கே இருக்கிறது? காயில் முக்கால்வாசியை அள்ளி ஒதுக்கினார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள், மாசி பிறந்து பத்து நாள், பனி போன இடம் தெரியவில்லை, வெயில் அதற்குள் சுள்ளென்று அடிக்கிறது.

பனிக்காலம் என்றால் கோடம்பாக்கத்தில் சினிமா யூனிட்டுக்குச் சமைக்கிற அவர் அடுப்புதானே முதலில் எரியும்... விடியற்காலை கால்ஷீட், யூனிட் மொத்தமும் கையைத் தேய்த்துக்கொண்டு அண்டாவைச் சுற்றி நிற்கும், ஆவியை முகர்ந்தே உப்பு சொல்லிவிடுவார், ருசி பார்க்கிற வழக்கமே கிடையாது, பார்த்தால் கௌரவக் குறைச்சல். லைட்மேன்கள் பரண்மேல் விளக்குச் சூட்டில் வேர்த்து வழிகிறவர்கள், சாதாரண உப்பு அவர்கள் நாக்குக்குச் சப்பென்றிருக்கும், அதனால் சூப்பில் எப்போதும் ஒரு கை உப்பு கூட. "அம்மாசிண்ணே, உன் சூப்பு வரலேன்னா லைட்டு எரியாது" என்று மேலேயிருந்து ஒருத்தன் கத்துவான், அடடா, அதெல்லாம் ஒரு காலம். ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் மிச்ச சூப்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு பாலத்தடியில் நடப்பார், வாசலிலேயே ரஞ்சிதம் வாங்கிக்கொள்வாள், "இருய்யா, சுட வச்சி எட்டாரேன்" என்று உள்ளே போவாள், கொஞ்ச நேரம் கழித்து வந்து பிள்ளைகளுக்கு ஊற்றித் தானும் குடிப்பாள். அவருக்கு அண்டா ஆவியிலேயே வயிறு நிறைந்திருக்கும், சுவரில் சாய்ந்துகொண்டு அவள் வாயையே பார்ப்பார், "ஷோக்கா கீதுய்யா" என்பாள், அந்த ஒரு வார்த்தை வந்தால்தான் அன்றைய வேலை முடிந்த மாதிரி. முப்பது வருஷம், ஒரு நாள் தவறியதில்லை. அதே சூப்பு, அதே கை, இதை எப்படி வேண்டாம் என்பாள்?

கொத்தமல்லித் தண்டு, நுணுக்கிய மிளகு, கேரட் வெந்துவிட்டது, ஆவியை முகர்ந்தார், உப்பு ஜாடிக்குள் கை தானாகப் போய்த் தானாக வந்தது.

கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்து டம்ளரை நீட்டினார். ஒரு வாய் உறிஞ்சினாள். முகம் சுருங்கியது. ஐயோ, இதுவும் போச்சா...

"ஏம்மே, இன்னா ஆச்சு?"

"ஒரு சொம்பு வெந்நீ வச்சி எட்டா."

"சூப்பே சூடாத்தானே கீது, வெந்நீ எதுக்கு?"

"அதுல ஊத்தத்தான்யா. எப்பவும் ஊத்துறதுதானே" என்றாள், கண்ணை மூடியபடியே, அசதியில், என்ன சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

எப்பவும்? வெந்நீர் கொதிக்கிற வரை அந்த ஒரு சொல்லோடு அடுப்படியில் நின்றார். சுட வைக்கிறேன் என்று போனாளே, அவ்வளவு நேரம் உள்ளே என்னதான் செய்கிறாள் என்று ஒரு நாளாவது எழுந்துபோய்ப் பார்த்தோமா? பாதிக்குப் பாதி ஊற்றிக் கலந்து கொண்டுவந்து கொடுத்தார். குடித்தாள், நிறுத்தி நிறுத்தி, முக்கால் டம்ளர், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு "ஷோக்கா கீதுய்யா" என்று படுத்துவிட்டாள். சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், ஊசி வேண்டாம், அவருக்குக் கண் கலங்கிப்போனது, சந்தோஷம்தான், சந்தோஷம் இல்லாமல் என்ன... அடுப்படிக்கு வந்து பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, வாழ்நாளில் முதல்முறையாகத் தன் சூப்பை வாயில் விட்டார், அப்பப்பா, உப்புக் கரித்தது. அவள் மிச்சம் வைத்ததையும் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தார். அது நன்றாக இருந்தது. அப்படியென்றால் முப்பது வருஷமாக அவள் ஷோக்கா கீது என்று சொன்னது யார் வைத்த சூப்பை?