ஒவ்வொரு வரியிலும் அவள் பெயர்

மேசை மேலிருந்த மடிக்கணினி பாடிக்கொண்டிருந்தது. விநாடிக்கொருமுறை பாட்டு 'சர்' என்று துணி கிழிவதுபோல் அறுந்தது. ஒவ்வொரு முறையும் வென்-சின் பல்லைக் கடித்தாள்.

சின்ச்சு நகரில் வலைத்தொடர்புச் சில்லு செய்யும் நிறுவனம் அது. சில்லையும் கணினியையும் பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுவது அவள் வேலை. வலைத்தொடர்புக் கேபிளைச் செருகினால் பாட்டு அறுந்தது, பிடுங்கினால் சரியானது. பிற்பகலில் தைபேயிலிருந்து சுங் அம்மையார் வருகிறார். அவருடைய நிறுவனம்தான் இந்தச் சில்லை மடிக்கணினிகளில் பொருத்துகிறது. காரணம் கேட்பார்.

மேலாளர் கோ காலையிலேயே தீர்ப்பை எழுதிவிட்டார். டிரைவரின் எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று காட்டும் கருவியை ஓட்டியிருந்தார். வரிக்கு வரி வென்-சின் பெயர். போன வருடம் அந்தக் கோப்பில் தாறுமாறாகக் கிடந்த இடைவெளிகளை அவள் சீர்படுத்தினாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதைச் சொன்னதற்குக் கோ சிரித்தார்.

"வீட்டக் கூட்டுனவ பேர்ல வீடு வந்துருமான்னு கேக்குற. இங்க அப்பிடித்தான் வரும்மா."

இயந்திரங்கள் அடம்பிடிக்காமல் இருக்க எல்லோரும் ஒரு நம்பிக்கையில் அவற்றின் மேல் வைக்கும் சோளப்பொரிப் பச்சைப் பொட்டலத்துக்குத் தேதி முடிந்துவிட்டதாம், அதையும் அவள்தான் மாற்றவில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குச் சோதனைப் பிரிவு. டிரைவரை இனித் தொட முடியாது.

அவள் சாப்பிடக்கூடப் போகவில்லை. கணினியின் மையச் செயலி என்ன செய்கிறது என்று பதிவு செய்து, வரி வரியாகத் தேடிப் பிடித்தாள். கேபிள் செருகியிருக்கிறதா என்று டிரைவர் விநாடிக்கொருமுறை சில்லைக் கேட்கிறது. பதில் வரும்வரை செயலியின் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதுவரை பாட்டு வரிசையில் நிற்கிறது.

அந்தக் காத்திருப்பை எழுதியவர் யார் என்று தேடவே வேண்டாம். அவளுக்கு முன் டிரைவர் எழுதியவர் கோ மட்டும்தான். சில்லை வடிவமைத்த பெங், கல்லூரியில் கோவுக்கு சீனியர். இந்தத் தொழிற்பூங்காவில் சீனியர் கேட்டால் ஜூனியர் ஏன் என்று கேட்கமாட்டான், எதற்கென்று எழுதியும் வைக்கமாட்டான். சில்லில் பிழை இருந்தால் திருத்த அரை வருடம் ஆகும், மென்பொருளில் ஒட்டுப்போட ஒரு மத்தியானம் போதும். சில்லுக்காரர்கள் சிந்தியதை டிரைவர்காரர்கள் துடைப்பார்கள். துடைத்தவள் மேலேயே கறை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பிற்பகல் கூட்டத்தில் சுங்கும் பெங்கும் இருக்க, கோ குழைந்து பேசினார். எங்கள் இளம் பொறியாளர் அனுபவமில்லாமல் ஒரு காத்திருப்பை எழுதிவிட்டார், மன்னிப்புக் கேட்பார் என்றார்.

"எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லிரு வென்-சின்."

வென்-சின் எழுந்தாள். தலை குனியவில்லை. மடிக்கணினியைச் சுங் பக்கம் திருப்பி, அவர் கண்முன்னாலேயே காத்திருப்பை எடுத்துவிட்டு டிரைவரை மறுபடி ஏற்றினாள். பாட்டு ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. கோவின் முகம் மலர்ந்தது. இவ்வளவுதான் விஷயம் என்று சுங்கிடம் சொல்லத் தொடங்கினார்.

அதற்குள் வலைத்தொடர்பு அறுந்தது. திரும்ப வந்தது. மறுபடி அறுந்தது. கேபிளை யாரும் தொடவில்லை.

பெங் தேநீர்க் குவளையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "அந்தக் காத்திருப்ப எடுத்தா அப்பிடித்தான் ஆகும். சில்லு பதில் சொல்ல நேரமாகுது. அடுத்த சில்லுல சரியாயிரும்."

சுங் பேனாவை மூடினார். "அப்ப இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

பெங் கோவைப் பார்த்தார். கோ வென்-சின்னைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் ஒட்டவைத்ததுபோல் இருந்தது.

"இப்போதைக்கு அத திரும்பப் போட்ரும்மா. மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

வென்-சின்னுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"நான் போடமாட்டேன் பாஸ். நீங்க வெச்சது, நீங்களே வெய்ங்க. உங்க பேர்ல."

மடிக்கணினியை அவர் முன்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கோவின் விரல்கள் விசைகளின் மேல் அசையாமல் கிடந்தன. சீனியர் பெங் பக்கத்திலேயே இருந்தார். சுங் பார்த்துக்கொண்டிருந்தது கோவை, வென்-சின்னை அல்ல.