திருகு தொடாத செம்பு

மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த அம்மா, குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்த கோலத்தை மகள்தான் முதலில் பார்த்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. மடியில், தூங்குகிற பிள்ளையை வைத்திருப்பதுபோல், ஸ்பவுட்டை வைத்திருந்தாள். தொட்டிக்குள் தண்ணீர் கொட்டுமே, அந்த மூக்குக் குழாய். எழுந்திருக்கப் பிடித்தாளாம்; சுவரிலிருந்து கையோடு வந்துவிட்டதாம்.

“அம்மா! குழாயைத் திறக்கச் சொன்னா பிடுங்கியே எடுத்துட்டியே!”

“நான் என்னடி பண்ணுவேன். என் கனம் அப்படி.”

அடி பெரிதில்லை என்று தெரிந்ததும் மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் சிரித்தாள். வாய்தான் சிரித்தது.

சாயங்காலம் மருமகன் வேலை முடிந்து வந்தான். அவன் பிளம்பர். அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளின் குழாய்கள் அவன் கை பட்டவை. மாமியார் வந்த நாளிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், “எங்க மாப்பிள்ளை கை வச்சா ஒரு சொட்டு ஒழுகாது” என்று பீற்றிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குப் போய்க் குனிந்தான். சுவரிலிருந்து விரல் நீளத்துக்குச் செம்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

வழவழப்புக்கு எதற்குப் பயம் என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த மாதிரி ஸ்பவுட்டைச் செம்புக் குழாய்மேல் அப்படியே செருகுவார்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம் கவ்விக்கொள்ளும். அது தண்ணீர் ஒழுகாமலிருக்கத்தான்; ஆள் பிடித்து இழுத்தால் நிற்காது. அடிப்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை முடுக்கினால்தான் செம்பைக் கடித்துக்கொண்டு நிற்கும். கடித்ததைப் பலவந்தமாகப் பிடுங்கினால் செம்பில் நீளமாகக் கீறல் விழுந்திருக்கும். இங்கே கீறலைக் காணோம். திருகு அந்தச் செம்பைத் தொட்டதே இல்லை.

அவனுக்கு ஞாபகம் வந்தது. புது ஸ்பவுட்டைச் செருகிவிட்டு, முடுக்குகிற சாவியைக் கையில் எடுத்த நேரம் போன் அடித்தது. யார் வீட்டிலோ அடைப்பு. ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை. அப்புறம் முடுக்கிக்கொள்ளலாம் என்று ஓடினான். அந்த அப்புறம் வரவேயில்லை.

“என்னங்க, அம்மா பண்ணின வேலையைப் பாத்தீங்களா?” மனைவி குளியலறை வாசலில் நின்றாள்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, “அத்தைக்கு இனிமே இரும்புலதான் குழாய் போடணும்போல” என்றான்.

மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பின்னால் நின்ற மாமியார், “ஆமா மாப்பிள்ளை, இரும்பே போடுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தச் செம்பின் பக்கமே போகவில்லை. ஏதோ ரப்பர் வாங்க வேண்டும் என்று சாக்குச் சொன்னான். மாமியார் வாளியில் மொண்டு குளித்தாள். தட்டில் இரண்டாம் முறை பரிமாற வந்தால் கையால் மறைத்தாள். நாற்காலியைக் காட்டினால், “நிக்கறேனே, காலுக்கு நல்லது” என்றாள்.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது அவன் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, மாமியார் கூடத்து மர நாற்காலியை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தாங்குமா என்று. பிறகு உட்காராமலே நகர்ந்துவிட்டாள்.

அவன் செருப்பைக் கழற்றினான்.

“அத்தை, கொஞ்சம் இங்க வாங்க.”

குளியலறையில் செம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னான். “வழவழன்னு இருக்கு” என்றாள். ஸ்பவுட்டைச் செருகி, தொட்டிக்குள் மல்லாந்து படுத்துத் திருகை நன்றாக முடுக்கினான். மறுபடி தளர்த்திக் கழற்றினான்.

“இப்போ அடிப்பக்கம் தடவுங்க.”

“குழியா இருக்கே?”

“அந்தக் குழி அன்னைக்கே இருந்திருக்கணும் அத்தை.”

அவள் விரல் குழியிலேயே நின்றது.

“அப்போ என் கனம்...”

“கனமாவது ஒண்ணாவது. ஒரு சின்னப் பிள்ளை இழுத்திருந்தாலும் வந்திருக்கும். நான்தான் முடுக்கல. அது தெரிஞ்சும் உங்களைக் கேலி பண்ணினேன்.”

திட்டுவாள் என்று காத்திருந்தான். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

கீழ்வீட்டு டீச்சர். “எங்க பாத்ரூம் முழுக்க மாத்தணும், உங்ககிட்டயே குடுத்துடலாம்னு பாத்தேன். ஆனா உங்க வீட்டுலயே ஏதோ குழாய் கையோட வந்துடுச்சாமே?”

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முன்னால் வந்தாள்.

“அது என்னால டீச்சர். என் உடம்பைப் பாத்தீங்கல்ல? யானை பிடிச்சா எந்தக் குழாய் தாங்கும்? மாப்பிள்ளை வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது.”

சமையலறையிலிருந்து மனைவி சிரிப்பது கேட்டது. அவனுக்குக் காது மடல் வரை எரிந்தது.

“இல்ல டீச்சர். அத்தை எனக்காகச் சொல்றாங்க. திருகை முடுக்காம விட்டது நான். பழியை அவங்க தலையில போட்டுட்டு வாயை மூடிட்டு இருந்ததும் நான்தான்.”

“ஓ...” டீச்சர் தன் செருப்பைப் பார்த்தாள். “சரி, அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.” அவள் இறங்கிப் போன வேகத்திலேயே தெரிந்துவிட்டது, சொல்லமாட்டாள்.

சமையலறையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கரண்டியும் கையுமாக வெளியே வந்த மனைவி, அவனைப் பார்க்காமல் அம்மாவின் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வந்த வேலையை எட்டி உதைச்சிட்டீங்களே மாப்பிள்ளை! நான்தான் சமாளிச்சேனே?” என்று சலித்துக்கொண்டே மாமியார் போய், மர நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி கிரீச் என்றது. மூன்று பேரும் அசையவில்லை.

“என்ன, இதையும் முடுக்காம விட்டுட்டீங்களா?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டென்று மண்டியிட்டு நாற்காலிக்கு அடியில் தலையைக் கொடுத்தான். அங்கே முடுக்குவதற்கு எதுவுமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காலாகத் தடவிக்கொண்டேயிருந்தான். தலையை வெளியே எடுத்தால் அந்த இரண்டு பேர் முகத்தையும் பார்க்க வேண்டுமே.

“ஏண்டி மசமசன்னு நிக்கற?” மேலே மாமியாரின் குரல் கேட்டது. “தட்டு எடுத்து வை. பசிக்குது.”