இசைத்தட்டில் இருந்தவள்

வீட்டுக்கு யார் வந்தாலும் ஐயாத்துரை கிராமபோனில் அந்த ஒரு இசைத்தட்டைத்தான் வைப்பார். திருச்சுழி கோகிலாம்பாள் பாடிய அம்மன் பாட்டு. அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ராமலட்சுமி, தன் குரல் காம்போதியில் ஏறிப்போவதைக் கேட்டாள். கோகிலாம்பாள் அவள்தான். கோயிலுக்குப் பொட்டுக் கட்டிய குடும்பத்துப் பெண் என்று அருப்புக்கோட்டையில் யாருக்கும் தெரியக் கூடாதென்று, தாலி கட்டிய அன்றே ஐயாத்துரை அவள் பெயரை மாற்றினார். இனி வாய் திறந்து பாடினால் இந்த வீட்டில் இடமில்லை என்றும் சொன்னார். அந்தக் குரலுக்காகவே வண்டி கட்டிக்கொண்டு திருச்சுழியில் போய்க் கிடந்த மனிதர். இப்போதும் தட்டு சுழலும்போது அவர் கண் நிறைந்துவிடும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சண்டைக் காலம், நூலுக்குத் தட்டுப்பாடு. அதைப் பற்றிப் பேச வந்திருந்தார் பாளையம்பட்டி வியாபாரி ராமசுப்பு. ஐயாத்துரைக்குத் தூரத்துச் சொந்தம். பாட்டு முடிந்ததும், இந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

"செத்துப்போயிட்டாக. வைசூரி" என்றார் ஐயாத்துரை.

காப்பியோடு வந்தவள் டம்ளரை ராமசுப்பு முன்னால் வைத்தாள். கேட்டுக் கேட்டுப் பழகிய சாவு. நாலு வயது மகள் அருஞ்சுனை டம்ளரைத் தொடப் போனாள்.

"சுடும் தாயி, தள்ளி நில்லு."

ராமசுப்பு நிமிர்ந்தார். "தங்கச்சி குரலும் அதே மாதிரில்ல இருக்கு, மாப்ள."

ஐயாத்துரை சிரித்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

"அண்ணனுக்கு ஒரு அடி பாடிக் காட்டு. அவுகளே கேட்டுக்கிரட்டும்."

சுருதி தானாகத் தொண்டையில் வந்து நின்றது. ஒரே ஒரு அடியைச் சரியாகப் பாடினால் போதும், செத்தவள் எழுந்துவிடுவாள். ஆனால் ராமசுப்புவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். நாளைக்கு அருஞ்சுனையை எந்த வீட்டு வாசலிலும் ஏற்ற மாட்டார்கள். காலைக் கட்டிக்கொண்டு நின்ற மகளை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். நிற்க வேண்டிய இடத்தில் வழுக்கினாள். ஏற வேண்டிய இடத்தில் கீச்சிட்டாள். கற்ற வித்தை அத்தனையும் அதற்கு வேண்டியிருந்தது.

ராமசுப்பு காப்பி சிந்தச் சிரித்தார். பாட்டு எல்லாருக்கும் வந்துவிடுமா தங்கச்சி என்று ஆறுதல் வேறு சொன்னார். ஐயாத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை மறுபடி சுழல விட்டார்.

அவள் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். வெளியே அருஞ்சுனை வேப்பங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா பாடி அந்தப் பிள்ளை கேட்டது அதுதான் முதல் தடவை. வழுக்கிய இடத்தில் வழுக்கி, கீச்சிட்ட இடத்தில் கீச்சிட்டு, இம்மி பிசகாமல் அந்த அடியைத் திரும்பத் திரும்பப் பாடியபடி, வெயிலில் குனிந்து குனிந்து கொட்டைகளைப் பாவாடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.