சல்லாத்துணிப் பொட்டலம்

காசிநாதன் லண்டனில் படித்துவிட்டு வந்த இன்ஜினீயர். மாமல்லபுரத்தில் தன் இலாகாவின் பங்களாவுக்கு எப்போது வந்தாலும், நூல் கட்டிய சின்னத் தேயிலைப் பையைத் தகர டப்பாவிலிருந்து எடுத்து, வெந்நீரில் தொங்கவிட்டுத்தான் டீ குடிப்பார். அந்த முறை டப்பாவைத் திறந்தபோது, உப்புக்காற்றில் ஈரம் கண்டு உள்ளே பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"சே!" என்று டப்பாவைத் தள்ளிவிட்டு, சமையற்காரர் முனிசாமியைக் கூப்பிட்டார். "நீ டீ வடிகட்டுற துணியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுது. சாயங்காலத்துக்குள்ள இதே மாதிரி நாலு பை தயார் பண்ணு. குடிச்சதும் தூக்கிப் போடற மாதிரி இருக்கணும்."

பங்களாவின் குமாஸ்தா ஆராவமுதன் மனசுக்குள் ஆமோதித்தார். கறுத்துப் பிசுபிசுத்த அந்தத் துணிக்குப் பயந்தே அவர் அங்கே டீயைத் தொடாமல், செங்கல்பட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கிறவர்.

சாயங்காலம் தட்டில் நாலு பொட்டலங்கள் வந்தன. வெள்ளைச் சல்லாத்துணியில் தேயிலைத் தூளை முடிந்து நூல் கட்டியிருந்தது. ஒன்றை முக்கிக் குடித்த காசிநாதனுக்கு முகம் மலர்ந்தது.

"பலே! லண்டன் பையைவிட நல்லா இருக்கே. ஆராவமுதன், நீரும் ஒரு கப் குடியும்."

கோப்பையை வாங்கக் கை நீட்டிய ஆராவமுதனின் பார்வை முனிசாமியின் காலில் விழுந்தது. பத்து நாளைக்கு முன் இதே காசிநாதன் குளிக்க வெந்நீர் சுமந்தபோது தவலை சரிந்து வெந்த கால். காலையில் முழங்கால்வரை சல்லாத்துணிக் கட்டுப் போட்டிருந்தது. இப்போது கட்டு இல்லை. மஞ்சளாகச் சீழ் கசிய, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பொட்டலத்தைப் பார்த்தார். அதே சல்லாத்துணி. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"சார், குடிக்காதேள்! அது அவன் புண்ணுல கட்டியிருந்த துணி!"

காசிநாதன் ஜன்னலுக்கு ஓடி, வாயில் இருந்ததைத் துப்பினார். முனிசாமி நொண்டிக்கொண்டே முன்னால் வந்தார்.

"அய்யோ, இன்னா சாமி இப்டி சொல்லிட்டீங்கோ! புண்ணுல கட்னத அடுப்புல போட்டு கொளுத்திட்டேன். இது புதுசு. நேத்து ஆஸ்பத்திரில காலுக்குன்னு குட்த்த சுருளு. ஐயா பை கேட்டாரு, வேற வெள்ளத்துணிக்கு நான் எங்க போவேன்? கொதிக்கிற தண்ணில போட்டு எட்த்துத்தான் கட்னேன்."

"அப்போ காலுக்கு?" என்றார் ஆராவமுதன்.

"அட்த்த வாரம் தருவாங்கோ."

காசிநாதன் கொப்பளித்துக்கொண்டே கத்தினார்.

"புதுசோ பழசோ, சீழ் வடியற காலோட சமையல்கட்டுல நிக்கறானே! நாளையிலேர்ந்து இவன் வேண்டாம். ஆர்டர் எழுதிக் கொண்டாரும்."

ஆராவமுதன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். ஜன்னலில் துப்பும் சத்தம் ஓயவில்லை. சற்றுமுன் புண்ணைப் பார்த்தபோது வந்த அருவருப்பு, இப்போது அந்தச் சத்தத்தின்மேல் திரும்பியது. அதைவிட அதிகமாகத் தன் வாயின்மேலேயே திரும்பியது. விசாரிக்காமல் ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்ட வாய்!

பேனாவை எடுத்தார். 'வேலையின்போது வெந்நீர் பட்டுக் காயம். சம்பளத்தோடு ஒரு மாத விடுப்பு' என்று எழுதினார். வேறு இரண்டு காகிதங்களுக்கு நடுவே அதைச் செருகிக்கொண்டு போய் நீட்டினார். காசிநாதன் ஒரு கையில் கொப்பளிக்கும் டம்ளரோடு, படிக்காமலே மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

"அவன் மூஞ்சியில முழிக்கவே கூடாது, தெரியுதா?"

"ஒரு மாசத்துக்கு முழிக்க மாட்டேள் சார்" என்றார் ஆராவமுதன். காசிநாதன் மறுபடியும் துப்பப் போய்விட்டார்.

ஆராவமுதன், முனிசாமியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக பஸ்ஸில் ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நீங்க முன்னால போய் குந்துங்க சாமி, நாறுது" என்றார் முனிசாமி.

உண்மையில் நாறத்தான் செய்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை குமட்டிக்கொண்டே வந்தது. ஆராவமுதன் இடம் மாறவில்லை.