ஒற்றைத் துடுப்பு

அன்று காலையும் அப்பாவும் பிள்ளையும் வழக்கம்போலத் திருட்டைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகள் குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"மிச்சத்தைச் சாயங்காலம் வெச்சுக்கங்க. போறப்ப இதைக் கீழ போட்டுட்டுப் போங்க" என்றாள் கணவனிடம்.

ஒரு கையில் கருவிப் பெட்டி, மறு கையில் குப்பை. கதவைக் காலாலேயே இழுத்துச் சாத்தினான். படியில் இறங்கிக்கொண்டே, "நான் திருடன்னா, நீங்க திருட்டுச் சாமான் வாங்கினவர்ப்பா!" என்று கத்திவிட்டுப் போனான். அந்த வீட்டில் அவன் குரல் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவன் நகலெடுக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பவன். அன்று மதியம் ஓர் அலுவலகத்தில், மெஷினுக்குள் கையை விட்டபடியே சரிந்து உட்கார்ந்திருக்கிறான். மாரடைப்பு. உள்ளே ஏதோ தேடுகிறான் என்று நினைத்து அங்கிருந்தவர்கள் கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் இருந்திருக்கிறார்கள். மரியாதை தெரிந்தவர்கள். துக்கம் கேட்க வந்த மேனேஜர், மெஷின் நன்றாக ஓடுகிறது என்று மறக்காமல் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சண்டைக்குக் காரணம் ஒரு படகு.

மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பரிட்சை ஹாலில் அவருக்குப் 'பறக்கும் படை' என்று பெயர். கைக்குட்டையில், கால்சட்டை மடிப்பில், அழிரப்பரின் முதுகில் என்று பிள்ளைகள் எங்கே எழுதி வைத்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். இப்படிப்பட்டவருக்கு நகல் மெஷின்காரன் பிள்ளையாக வாய்த்தான். "நான் முப்பது வருஷம் பிடிச்ச காப்பியை எல்லாம் இவன் ஒரு நாள்ல போடறான்" என்பார், வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம்.

பக்கவாதம் வந்து அவருடைய இடது கை விழுந்துவிட்டது. வீட்டில் முடங்கிக் கிடந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று பிள்ளை ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தான். ஆற்றில் படகு விட வேண்டும், அவ்வளவுதான். பாறை, சுழல், பாலம், நடுவில் பறவைகள். கன்ட்ரோலரின் இடது குமிழ் இடது துடுப்பு, வலது குமிழ் வலது துடுப்பு. கிழவருக்கு வலது கை மட்டும்தான். படகு கிளம்பிய இடத்திலேயே வட்டம் போட்டது. பத்து நாள் விடாமல் வட்டம் போட்டார். பதினோராவது நாள் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு, "எனக்கு ஆறும் வேணாம், மயிரும் வேணாம்" என்றார். வாத்தியார் வாயில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை.

பிள்ளை ஆட்டத்தின் உள்ளே புகுந்து, ஒரே குமிழில் இரண்டு துடுப்பும் அசையும்படி மாற்றி அமைத்தான். மெஷின் வேலை முடிந்து வந்து, கறுப்பு மை போகாத விரல்களோடு, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தான். படகு நேராகப் போனது. கிழவர் முதல் பாலத்தைத் தாண்டிய அன்று ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

"கம்பெனியைக் கேட்டியா?" என்றார்.

"எதுக்குப்பா கேக்கணும்? காசு குடுத்து வாங்கினதுதானே?"

"வாங்கினது ஆடறதுக்கு. பிரிக்கறதுக்கு இல்ல."

மருமகள் கணவனுக்குக் கை கொடுத்தாள். அவள் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவள். "நான் தினம் அடுத்தவங்க தைச்ச பேன்ட்டைப் பிரிச்சு இடுப்பைப் பிடிக்கிறேனே மாமா, எந்தக் கம்பெனி என்மேல கேஸ் போட்டுது?"

மாமனார் வாயைத் திறக்குமுன் கணவனே குறுக்கே விழுந்தான். "நீ வேற. பிடிச்ச பேன்ட்டைப் பார்த்து அதே மாதிரி ஆயிரம் பேன்ட் தைச்சு, ரோட்டோரம் போட்டு, எடுத்துக்கங்கன்னு சொன்னா போடுவாங்க."

அதைத்தான் அவன் செய்துகொண்டிருந்தான்.

ஆரம்பத்தில் யோக்கியமாகத்தான் இருந்தான். 'ஒற்றைத் துடுப்பு' என்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, தான் மாற்றிய நிரல் துண்டுகளை மட்டும் போட்டான். ஆட்டத்தை நீங்கள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், இதை அதற்குள் பொருத்திக்கொள்ளுங்கள் என்று விளக்கமும் எழுதினான். அந்த விளக்கத்தில் ஒரு படி, கீபோர்டில் தள்ளித் தள்ளி இருக்கிற மூன்று கீக்களைச் சேர்த்து அழுத்த வேண்டியது. இரண்டு கை இல்லாமல் முடியாது. ஒற்றைக் கைக்காரர்கள் எழுதித் திட்டினார்கள். சரி, வாங்கின பில்லைப் படம் எடுத்து அனுப்புங்கள், பொருத்திய ஆட்டத்தையே முழுசாகத் தருகிறேன் என்றான். சிலர் பில்லை அனுப்பினார்கள். பலர் கையை அனுப்பினார்கள். விரல் இல்லாத கை, சூம்பிய கை, தோளோடு முடிந்துபோன கை. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் "பில் எங்கே?" என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. முழு ஆட்டத்தையும் பக்கத்தில் போட்டுவிட்டான். கை இருந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

அவன் போன பிறகு, அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட யாரோ அதன் தலையில் அவன் படத்தைப் போட்டார்கள். கீழே ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். பாலம் தாண்டியவர்கள், தாண்டாதவர்கள், அவன் முகத்தையே இப்போதுதான் பார்ப்பவர்கள். கடையில் பட்டன் துளைக்குக் காஜா அடிக்கிற நேரத்துக்கு நடுநடுவே அவள் போனை எடுத்து அதைப் படிப்பாள். அவளுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை.

பிறகு கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. முழு ஆட்டத்தை எடுத்துவிட வேண்டும். பக்கம் இருக்கலாம், ஆனால் உச்சியில், படத்துக்கு மேலே, 'இங்கே பகிரப்பட்டவை திருட்டுப் பிரதிகள்' என்று வாரிசுகள் கையெழுத்துடன் போட வேண்டும். இல்லையென்றால் பக்கமே இருக்காது.

அவள் அதை மாமனாருக்குப் படித்துக் காட்டினாள். நான் அப்பவே சொன்னேன் என்பார் என்று எதிர்பார்த்தாள்.

"போன் போடு" என்றார்.

கம்பெனி வக்கீல் இளைஞன். பணிவாகப் பேசினான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், உங்க வருத்தம் புரியுது. ஆனா சட்டப்படி இது பைரஸிதான்."

"இல்லன்னு நான் சொன்னேனா?"

"அப்ப... ஒத்துக்கறீங்களா சார்?"

"தாராளமா. அவன்கிட்ட தினம் சொல்லிட்டிருந்தேன். பிரச்சினை அது இல்ல. பரிட்சையில பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதறவன் இருக்கான். அனுமதி கேக்காம எழுந்துபோய், பேனா இல்லாத பையனுக்குப் பேனா குடுக்கறவன் இருக்கான். ரெண்டும் தப்பு. ரெண்டுக்கும் ஒரே தண்டனை குடுப்பியா?"

"சார், இவர் குடுத்தது பேனா இல்ல. விடை எழுதின பேப்பரையே குடுத்துட்டார்."

பையன் சரியாகத்தான் சொல்கிறான் என்று மருமகளுக்குப் பட்டது. மாமனார் தலையை ஆட்டி அதை ரசித்தார். நல்ல மாணவன் கிடைத்த சந்தோஷம்.

"சரி. பேப்பரையே குடுத்தான். அதுக்கு என்ன பேரு?"

"அனுமதி இல்லாம..."

"அதை எழுது."

"சார், கம்பெனியோட வழக்கமான வாசகம் திருட்டு..."

"இதோ பாருப்பா, என் பையனைத் திருடன்னு சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு. அதை நான் யாருக்கும் எழுதிக் குடுக்கல. அனுமதி இல்லாம நீ எப்படி எடுத்துக்கலாம்?"

போனில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"சார், நீங்க டீச்சரா இருந்தீங்களா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"நான் எழுந்து நின்னுதான் பேசிட்டிருக்கேன் சார்."

இப்படியாகத் 'திருட்டுப் பிரதிகள்' போய் 'அனுமதி பெறாத பிரதிகள்' வந்தது. பெரிய வெற்றிதான். முழு ஆட்டம் பக்கத்திலிருந்து போய்விட்டது. விளக்கம் இருக்கிறது, மூன்று கீக்களைச் சேர்த்து அழுத்தும்படி. அவன் படத்துக்கு மேலே அந்தச் சொல் இல்லை என்பதே போதும் என்று அவள் மூச்சு விட்டாள். கம்பெனி அனுப்பிய ஒப்பந்தப் பேப்பரின் கடைசி வரியை அப்போது அவள் சரியாகப் பார்க்கவில்லை. மாமனார் பார்த்திருந்தார். அவர் எந்தப் பேப்பரையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவர்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "நம்மகிட்ட இருக்கிற பிரதியையும் அழிக்கணும்னு போட்டிருக்கு" என்றார்.

"நம்ம வீட்டுக்குள்ள இருக்கிறதை யாரு மாமா வந்து பார்க்கப் போறாங்க?"

"யாரும் பார்க்காதப்ப என்ன பண்றோங்கறதுதாம்மா பரிட்சை."

"அது அவர் கையால பண்ணினது. வேற என்ன இருக்கு நம்மகிட்ட?"

"அழிச்சுடு" என்று மட்டும் சொன்னார். தடியை ஊன்றி எழுந்து போய், நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு ஆட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒரே படகுப் படத்தோடு. ஒன்று காசு கொடுத்து வாங்கியது. மற்றது அவன் மாற்றியது. கத்தரிக்கோலைத் துணியில் வைத்துவிட்டால் அவளுக்குக் கை நடுங்காது. காசு கொடுத்து வாங்கியதை அழித்தாள். அதன் பெயரை எடுத்து மற்றதற்கு வைத்தாள்.

"அழிச்சாச்சா?" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"அழிச்சாச்சு மாமா."

பரிட்சை ஹாலில் 'இல்லை சார்' என்று சொல்கிற பிள்ளையிடம் அவர் அடுத்தபடியாகக் கேட்பது, "எங்கே, எழுந்திரு, பார்க்கலாம்" என்பது. அந்தக் கேள்விக்கு அவள் காத்திருந்தாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அதில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை.

மறுநாள் காப்பி குடித்ததும், "கடையில வாங்கினது இருக்குல்ல, அதைப் போடு" என்றார். போட்டாள். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு வலது கட்டைவிரலால் குமிழைத் தள்ளினார். இரண்டு துடுப்புகளும் சேர்ந்து தண்ணீரில் விழுந்தன. படகு நேராகப் போயிற்று.

முதல் பாலத்தைத் தாண்டியது.

"கம்பெனிக்காரன் சரி பண்ணிட்டான் போலிருக்கே" என்றார் மாமனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படித்தான் இருக்கும் மாமா."

"பரவாயில்ல. எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்கறாங்க."

அவள் கடைக்குக் கிளம்பினாள். கம்பெனி அந்த ஆட்டத்தில் இன்றுவரை எதையும் மாற்றவில்லை.